தகட்டில் வெட்டிய பெயர்

கிட்டாரைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில் இரண்டு தவறுகள் இருந்தன. இரண்டும் அச்சான பிறகுதான் தெரிந்தன. முதல் தவறு ஒரு வெள்ளைப் பித்தானைப் பற்றியது, சிறியது. இரண்டாவது தவறால் ஒரு குடும்பம் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சண்டை போட்டது.

அது பன்னிரண்டு கம்பி கிட்டார். ஆறு கம்பிக்குப் பதில் ஆறு ஜோடிக் கம்பிகள். தடித்த கம்பி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மெல்லியது ஒன்று ஒட்டினாற்போல ஓடும். ஒரு தடவை மீட்டினால் இரண்டு பேர் வாசிப்பது போலக் கேட்கும். பழையது. உள்ளே ஒட்டியிருந்த தாளைப் பூச்சி அரித்துவிட்டதால் எந்த ஊரில் செய்தது என்று தெரியாது. வட்டத் துளைக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு மேற்பூச்சு போய், அடிமரம் வெளிறித் தெரியும். கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கட்டைகளில் முதல் மூன்றிலும் கம்பி பதிந்து பதிந்து குழி விழுந்திருக்கும். கம்பிகளை முறுக்கும் பன்னிரண்டு கீகளில் பதினொன்றின் தலை கறுப்பு. ஒன்று மட்டும் வெள்ளை, யாரோ கையால் செதுக்கியது. அதை 'எலும்பாலான பித்தான்' என்று கட்டுரையில் எழுதினேன்.

கம்பிகளின் அடிமுனையை மாட்டுவதற்கு ஒரு நிக்கல் தகடு உண்டு. அதில், பாத்திரக் கடையில் வெட்டுவார்களே, அதைப் போலப் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருந்தது. முன்னெழுத்து, பெயர், கீழே சிறியதாக ஊர். 'உரிமையாளரின் பெயர்' என்று எழுதினேன். பெயர் இருக்கிறது, அதனால் அவருடையது. இதில் சரிபார்க்க ஏதாவது இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை.

கிட்டார் எனக்குக் கிடைத்தது புயல் தென்னைகளைச் சாய்த்த ஆண்டில். நான் வேலை பார்த்த பத்திரிகையில் செய்தியாளர்கள் போதாமல், மேசையில் உட்கார்ந்து பிழை திருத்துகிறவர்களையும் வெளியே அனுப்பினார்கள். நான் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு ஊருக்குப் போனேன். ஓடு பறந்த வீடு ஒன்றில், பரணில் இருந்ததையெல்லாம் இறக்கி வாசலில் காயவைத்திருந்தார்கள். மெத்தை, பத்திரக் கட்டு, பித்தளை அண்டா, நடுவில் கவிழ்ந்து கிடந்த கிட்டார். திருப்பிப் பார்த்தேன். மூன்று கம்பிதான் மிச்சம். அவையும் துருப்பிடித்தவை.

அந்த வீட்டுக்காரருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "எங்க பெரியப்பா சாமானோட கெடந்துச்சு சார். அவரு போயி பத்து வருஷமாச்சு. நனைஞ்சுபோச்சு, இனிமே அடுப்புக்குத்தான்" என்றார். நான் கொடுத்த பணத்தை முதலில் வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார். அன்றைய என் குறிப்பேடு இப்போதும் இருக்கிறது. விழுந்த மரங்களின் வயது, காய்ப்புக்கு வர எத்தனை ஆண்டு, கணக்கெடுக்க யார் வந்தார்கள், எல்லாம் கேட்டிருக்கிறேன். பெரியப்பா வாசிப்பாரா, தகட்டில் இருப்பது யார் பெயர் என்று கேட்கவில்லை. மரங்கள் விழுந்து கிடந்த வாசலில் கிட்டாரைப் பற்றி மேலே கேட்கக் கூச்சமாக இருந்தது.

கல்லூரி விடுதியில் சாதாரண கிட்டார் வாசிக்கக் கற்றிருந்தேன். திருச்சியில் ஒருவர் இதன் கழுத்தை நிமிர்த்திக் கொடுத்தார். "பழைய மரம், சுருதிய முழுசா ஏத்தாதீங்க. ரெண்டு ஃப்ரெட் எறக்கியே கட்டுங்க" என்றார். அப்படியே கட்டினேன். ஓய்வு பெற்ற பிறகு தினமும் காலையில் ஒரு மணி நேரம் வாசிப்பேன். எனக்கென்று ஒரு நாளில் இருந்த ஒரே வேலை அதுதான். மனைவி அடுப்படியிலிருந்து, "கச்சேரி முடிஞ்சுதுன்னா கீரை ஆயலாம்" என்பாள். முடிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல் இன்னொரு தடவை வாசிப்பேன்.

என் பழைய பத்திரிகையின் ஞாயிறு இணைப்புக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். இதைப் பற்றி எழுதினேன். படமும் வந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் ஒரு பெண்.

"சார், கிட்டார் பத்தி எழுதுனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"அந்தத் தகட்டுல இருக்கறது எங்கப்பா பேரு சார்."

பெயரைச் சொன்னார். அது படத்திலேயே தெரியும். "ஊர்ப் பேரு என்ன போட்டிருக்குன்னு சொல்ல முடியுமா?" என்றேன். பக்கத்தை வடிவமைத்தவர் படத்தின் கீழ் ஓரத்தை வெட்டியிருந்தார். ஊர்ப் பெயர் அச்சில் வரவில்லை. அந்தப் பெண் தயங்காமல் சொன்னார். தகட்டில் இருந்த அதே பெயர்தான், கோடியக்கரைப் பக்கத்தில் ஒரு மீனவர் ஊர்.

"அது திருட்டுப்போன கிட்டாரு சார்" என்றார் அடுத்து.

அவர் பள்ளி ஆசிரியை. அவருடைய அப்பா இளவயதில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். கோயில் திருவிழாக்களில் கச்சேரி. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊரில், கச்சேரி முடிந்து சாமான் ஏற்றும்போது கிட்டார் காணாமல் போயிற்று. அதன் பிறகு அவர் வாசிக்கவே இல்லை, படகில் ஏறிவிட்டார். அம்மா மீன் விற்பவர்.

"எங்கம்மா அந்த ஊர்க்காரங்களுக்கு முப்பது வருஷமா மீன் குடுத்தது இல்ல சார். அந்த ஊரு ஆளுன்னு தெரிஞ்சா கூடைய மூடிரும். திருட்டுக் கையில என் மீன் ஏறாதுன்னு சொல்லும். போன வருஷம் அம்மா தவறிட்டாங்க. அப்பாவ கூட்டிட்டு ஒரு தடவ வந்து பாக்கலாங்களா?"

வாருங்கள் என்றேன். தொலைபேசியை வைத்த பிறகு மனைவி கேட்டாள். "குடுக்கப் போறீங்களா?"

"மொதல்ல வரட்டும்."

"திருட்டுச் சாமான்னு தெரிஞ்சப்புறம் எப்படி வச்சுக்கறது?"

"நான் திருடலையே."

"நீங்க திருடுனீங்கன்னு யாரு சொன்னா?"

பட்டுக்கோட்டைப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கலாம் என்றால் அவருடைய எண் என்னிடம் இல்லை. அந்த வாரம் நான் தினமும் இரண்டு மணி நேரம் வாசித்தேன். கீரையைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை முற்பகல் வந்தார்கள். மூன்று பஸ் மாறி வந்ததாக மகள் சொன்னார். அப்பாவுக்கு அறுபத்தைந்து இருக்கும். மெலிந்த உடம்பு, தடித்த விரல்கள், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை என் மனைவியிடம் கொடுத்தார். "வாசன வராம கட்டியிருக்கேம்மா" என்றார். வாசனை வந்துகொண்டிருந்தது.

கிட்டாரைக் கட்டிலின் மேல் வைத்திருந்தேன். அவர் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை மட்டும் சாய்த்து, மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார்.

"இது என்னுது இல்ல" என்றார்.

மகள் தகட்டைக் காட்டினார். "என்னப்பா சொல்ற? உன் பேரு போட்டிருக்கு பாரு."

"பேரு என்னுதுதான். கிட்டாரு என்னுது இல்ல."

எனக்குள் ஏதோ இளகியது. நிம்மதிதான், வேறொன்றுமில்லை. அடுத்த கணமே வெட்கமாக இருந்தது. அதை மறைக்கச் செய்தியாளன் போலக் கேள்வி கேட்டேன்.

"உங்க ஊர்ல இதே பேர்ல, இதே இனிஷியல்ல வேற யாராவது வாசிச்சாங்களா?"

"எங்க ஊர்ல அந்தப் பேருல நான் ஒருத்தன்தாங்க. கிட்டாரு வாசிச்சவனும் நான் ஒருத்தன்தான்."

"அப்ப இது உங்களோடதுதானே?"

"இல்லீங்க."

மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவரு இப்படித்தான் சார். கெடைக்காதுன்னே முப்பது வருஷமா இருந்துட்டு, கெடைச்சதும் நம்ப மாட்டேங்கறாரு. அப்பா, தொட்டுப் பாருப்பா."

அவர் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார். நான் மனதுக்குள் தாளில் எழுதுவது போல எழுதிப் பார்த்தேன். பெயர் அவருடையது. ஊர் அவருடையது. அந்த ஊரில் வாசித்தவர் அவர் மட்டும். பொருள் அவருடையது அல்ல. இப்படி ஒரு செய்தி என் மேசைக்கு வந்திருந்தால், எழுதியவரைக் கூப்பிட்டு, மறுபடி விசாரித்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

அப்போது மனைவி காப்பி கொண்டுவந்தாள். தட்டை நீட்டியவள், நீட்டியபடியே நின்றாள். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இந்தத் தட்டுல யாரு பேரு இருக்கு?"

"எதுக்கு?"

"படிங்களேன்."

தட்டின் விளிம்பில் அவளுடன் வேலை பார்த்த ஒருவரின் பெயர். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அவர் கொடுத்தது.

"உங்க பேரா?"

"இல்ல."

"குத்துவிளக்குல உங்க பேரா? பெரிய குக்கர்ல? கல்யாணத்துக்கு வந்த அந்தத் தவலையில? இந்த வீட்ல உங்க பேரு போட்ட சாமான் ஒண்ணுகூட கெடையாது. எல்லாம் குடுத்தவங்க பேரு. உங்க பேரு போட்டதெல்லாம் ஊரான் வீட்டு அடுப்படியில இருக்கு."

பெரியவர், தட்டிலிருந்து எடுத்து வாய்க்குக் கொண்டுபோன டம்ளரைக் கீழே வைத்தார்.

நாற்பது ஆண்டுகளாகத் தினமும் அந்தப் பாத்திரங்களில்தான் சாப்பிடுகிறேன். ஒரு நாளும் அந்தப் பெயர்களை நான் படித்ததில்லை.

மகள் அப்பாவையே பார்த்தார். "யாருக்குப்பா குடுத்த?"

"கல்யாணத்துக்குக் குடுத்தேன்."

"யாரு கல்யாணத்துக்கு?"

"தபேலா வாசிச்சான்ல எங்க செட்டுல, பட்டுக்கோட்டப் பக்கம். அவன் கல்யாணத்துக்கு."

"அப்ப திருட்டுப்போச்சுன்னது?"

"அது உங்கம்மாகிட்ட சொன்னது."

பிறகு அவரே, எங்களைப் பார்க்காமல், என் மனைவியைப் பார்த்துச் சொன்னார். அவரைக் கண்டுபிடித்தவள் அவள் என்பதால் இருக்கலாம்.

"எங்கப்பாவுக்குக் கண்ணு போச்சும்மா. படகுல ஏற ஆளு இல்ல. கச்சேரின்னு ஒருத்தன் வந்து வாசல்ல நின்னா நான் கெளம்பிருவேன். என்னால ரெண்டு தடவ படகு போகாம கரையிலயே கெடந்துச்சு. எல்லாரும் நிக்கறான், வலை நிக்குது, நான் இல்ல. இது வீட்ல இருக்கற வரைக்கும் நான் கடலுக்குப் போவமாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு."

"வித்திருக்கலாமே" என்றேன்.

"வித்தா, என்னிக்காவது காசு சேந்தா திரும்ப வாங்கிரலாம்னு தோணும்ல. பேரு வெட்டிக் குடுத்துட்டா கேக்க முடியாது. நம்ம பேரு போட்ட சாமான நாமளே போயி எப்படிக் கேக்கறது? அதுக்காகவே வெட்டுனேன். தகட்டக் கழட்டி எடுத்துட்டுப் போயி, பாத்திரக் கடையில குடுத்து."

"அம்மாகிட்ட இத சொல்றதுக்கு என்ன?" என்றார் மகள்.

"சொல்லியிருந்தா மறுநாளே பஸ் ஏறிப் போயி வாங்கிட்டு வந்துருவா. அவளுக்குக் கூச்சம் கெடையாது. நான் வாசிக்கறதுல அவளுக்கு அவ்ளோ இஷ்டம். திருட்டுப்போச்சுன்னு சொன்னாத்தான் தேட எடமில்ல."

"அதுக்கு ஒரு ஊர் பேரச் சொன்னியேப்பா."

"எந்த ஊர்லன்னு கேட்டா. கடைசியா வாசிச்ச ஊரச் சொல்லிட்டேன்."

மகள் சிரிக்க ஆரம்பித்தார். அது வேறு எங்கோ போகும் சிரிப்பு என்று எனக்குத் தெரிந்தது. "எனக்கு அந்த ஊரு பள்ளிக்கூடத்துக்கு மாறுதல் வந்துச்சு சார். வீட்லேந்து பதினஞ்சு நிமிஷம். அம்மா கெடந்து அழுதுச்சு, திருட்டு ஊருக்குப் போவாதன்னு. வேணாம்னு எழுதிக் குடுத்தேன். ஆறு வருஷம், ரெண்டு பஸ்ஸு மாறி வேற ஊருக்குப் போனேன். அப்பா, நீ பக்கத்துலதான உக்காந்திருந்த?"

"உக்காந்திருந்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"வாய் வரைக்கும் வந்துச்சு."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, என் மனைவியோடு உள்ளே போய்விட்டார். முன்னறையில் நாங்கள் இருவர் மட்டும்.

"அவன் வாசிச்சானா?" என்று கேட்டார்.

"யாரு?"

"தபேலாக்காரன். கத்துக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பான். அதான் அவனுக்குக் குடுத்தேன். நீங்க அவன் வீட்லேந்துதானே வாங்குனீங்க."

பரணும் துருவேறிய மூன்று கம்பிகளும் நினைவுக்கு வந்தன. பொய் சொல்லாமல், உண்மையையும் சொல்லாமல் இருக்க ஒரு வாக்கியம் தேடினேன். அந்த வேலை எனக்குத் தெரியும்.

"ஃப்ரெட்டெல்லாம் நல்லாத் தேஞ்சிருந்துச்சுங்க."

அவர் என்னை நேராகப் பார்த்தார். "அது நான் தேச்சது" என்றார்.

பிறகு எழுந்து கட்டிலில் உட்கார்ந்து கிட்டாரை எடுத்தார். யாரும் சொல்லாமலேயே. வலது முழங்கை எங்கே போக வேண்டுமோ அங்கே போயிற்று. இடது கை மேலே போய், பாராமலேயே அந்த வெள்ளைப் பித்தானைப் பிடித்தது.

"எலும்புன்னு எழுதியிருந்தீங்களாம்."

"ஆமா."

"வலையில கட்டுற மிதவை. பிளாஸ்டிக். இது ஒடஞ்சுபோயி வேற கெடைக்கல. ஒரு ராத்திரி உக்காந்து செதுக்குனேன்." ஜோடி ஜோடியாகத் தட்டிக் கேட்டார். முகம் சுளித்தார். "எறக்கி வச்சிருக்கீங்களே."

"கழுத்து தாங்காதுன்னு சொன்னாங்க."

"தாங்கும்" என்று ஏற்ற ஆரம்பித்தார். கழுத்தைப் பார்ப்பதா, அவர் கையைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. கழுத்து தாங்கியது. மூன்றாவது ஜோடியின் மெல்லிய கம்பி படீரென்று அறுந்து அவர் மணிக்கட்டில் அடித்தது. அவர் திருப்தியாகத் தலையசைத்தார். "அப்பவும் இதுதான் போவும். எத்தினி போட்டாலும் நிக்காது."

மகள் வந்து கதவோரம் நின்றார். "வாசிப்பா."

"பதினொண்ணுல வாசிக்க முடியாது" என்று கட்டிலில் வைத்துவிட்டுத் துண்டால் துடைத்தார். பதினொன்றில் வாசிக்கலாம். நான் மாதக்கணக்கில் வாசித்திருக்கிறேன். சொல்லவில்லை.

கிளம்பும்போது, "எடுத்துட்டுப் போங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்ட விதத்தில், அதை நான் மனதாரச் சொன்னேனா என்று இப்போதும் தெரியவில்லை.

"குடுத்த சாமான எப்படிங்க எடுத்துட்டுப் போறது?"

"நீங்க எனக்குக் குடுக்கலையே. நான் காசு குடுத்து வாங்கினது."

"எத்தினி கை மாறுனாலும் நான் குடுத்தது குடுத்ததுதான்."

"உனக்கு வேணாம்னா போ. எனக்கு வேணும்ப்பா" என்றார் மகள். "அம்மா சாவற வரைக்கும் கேட்டுச்சு. ஒரு நாள் வீட்ல இருக்கட்டும்."

"அம்மா கேட்டதுக்குத்தான் நான் பயந்தேன்" என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவர்கள் போனபின் இணைப்புக்கு ஒரு திருத்தம் எழுத உட்கார்ந்தேன். 'எலும்பு என்பதை வலை மிதவை என்று படிக்கவும்.' அது எளிது. 'உரிமையாளர் என்பதைக் கொடுத்தவர் என்று படிக்கவும்.' எழுதி முடித்ததும் அடுத்த கேள்வி வந்தது. அப்படியானால் உரிமையாளர் யார்? வாங்கி ஒரு நாளும் வாசிக்காமல் இறந்துபோனவரா? அடுப்புக்குப் போட இருந்த அவருடைய தம்பி மகனா? நானா? 'திருடப்பட்டதாகக் கருதப்பட்ட' என்று ஆரம்பித்து அடித்தேன். கிட்டார் திருடப்படவில்லை. ஆனால் ஒரு ஊரே அதைத் திருடியதாக ஒரு கூடை முப்பது ஆண்டு மூடிக்கொண்டது. அந்த ஊருக்கு அந்தச் செய்தி தெரியவே தெரியாது. நான்கு வரியில் அடங்க வேண்டிய திருத்தம் இரண்டு பக்கம் ஆகியும் முடியவில்லை. அனுப்பவில்லை.

கிட்டாரையும் எடுக்கவில்லை. அறுந்த கம்பியை மாற்றவும் இல்லை. அவர் ஏற்றிவைத்த சுருதியிலேயே அது மூலையில் நின்றது. கொடுத்தால் மகளுக்கு நல்லது. அவருக்கு? ஒரு மனிதர் தன்னால் திரும்பக் கேட்க முடியாதபடி கதவைத் தானே பூட்டிக்கொள்கிறார். முப்பது ஆண்டு கழித்து நான் போய், சாவி இதோ என்று நீட்டுவது உதவியா? அல்லது இத்தனை யோசனையும், கொடுக்காமல் இருக்க நான் தேடிக்கொள்ளும் காரணமா? ஒரு நாள் காலையில் முதலாவதும், மறுநாள் இரண்டாவதும் சரியாகத் தோன்றும்.

இரண்டு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். "நேர்ல வந்து பத்திரிகை வைக்கணும், முட்டி வலி. மக வீடு கட்டியிருக்கா, குடி போறோம். வீட்ல அம்மாவையும் கூட்டிட்டு வாங்க." சற்று நிறுத்தினார். "சாமான் எதுவும் தூக்கிட்டு வர வேணாம்."

மனைவியிடம் சொன்னேன். "வேணாம்னு சொன்னாரா?" என்றாள்.

"ஆமா."

"வேணாம்னு சொல்லாம யாராவது பத்திரிகை வைப்பாங்களா?" என்றவள் மூலையைப் பார்த்தாள். "உங்க பேர வெட்டிக் குடுத்தா அவராலயும் திருப்பித் தர முடியாது. அவரே சொன்ன கணக்குதானே அது."

அதற்குப் பிறகும் நான் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

தகட்டைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, கீழவாசல் பக்கத்தில் ஒரு பாத்திரக் கடைக்குக் கொண்டுபோனேன். இப்போது உளியும் சுத்தியும் இல்லை, மின்சாரப் பேனா. பெயர் வெட்டுபவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன சாமான் சார்?"

சொன்னேன்.

"ஏற்கெனவே ஒரு பேரு இருக்கே. தேய்ச்சு எடுத்துரவா?"

"வேணாம். அது இருக்கட்டும். கீழ என் பேரு போடுங்க."

"ஒரே சாமான்ல ரெண்டு பேரு இருந்தா யாரு குடுத்தது, யாருதுன்னு பின்னாடி கொழம்பும் சார்."

"இப்பவே கொழப்பம்தான். போடுங்க" என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஆரம்பித்தார். என் பெயரை ஒரு பொருளில் வெட்டிப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. இத்தனை நாள் மனைவிதான் கடைக்குப் போய் வெட்டி வாங்கிவந்திருக்கிறாள்.

கம்பிகளை மாட்டினேன், மூன்றாவது ஜோடிக்குப் புதிய கம்பியும் போட்டேன். சுருதியை மறுபடி இறக்கிவிட்டேன். அன்று காலை ஒரு மணி நேரம் வாசித்தேன். நன்றாக வாசித்தேன் என்று சொல்ல முடியாது.

புது வீடு வேதாரண்யம் போகும் சாலையிலிருந்து பிரியும் தெருவில் இருந்தது. வாசலில் பந்தல். முன்னறையில் வந்த பரிசுகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். சுவர்க் கடிகாரங்கள் மட்டும் ஏழு. எண்ணினேன். ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டியது. கிட்டாரை மகளிடம் கொடுத்தேன். அவர் முதலில் தகட்டைத்தான் பார்த்தார், இரண்டு பெயரையும் படித்தார், பிறகு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தார். அவர் கட்டைவிரலால் கீழே இருந்த பெயரைத் தடவிப் பார்த்தார். துடைத்தால் போகிறதா என்று பார்ப்பது போல இருந்தது.

"ஆழமா விழுந்திருக்கு" என்றார்.

"மிஷின்ல வெட்டினது."

"எறக்கித்தான் வச்சிருக்கீங்க, மறுபடி."

"ஆமா."

"மூணாவது சின்னக் கம்பி?"

"புதுசு போட்டிருக்கேன். இன்னும் ரெண்டு இதுல இருக்கு" என்று உறையை நீட்டினேன்.

அவர் உறையை வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, எண்ணினார். "ரெண்டு பத்தாதே" என்றார்.

அது குறையா, ஏதாவது பதிலா என்று நான் நின்றுகொண்டிருந்தபோது பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டின் பின்பக்கம் இலை போட்டிருந்தார்கள். சாம்பார் வரும்போது முன்பக்கம் கம்பி ஏறும் சத்தம் கேட்டது. ஒன்று, அதன் ஜோடி. இன்னொன்று, அதன் ஜோடி. பேச்சுச் சத்தத்தில் எத்தனையாவது என்று தெரியவில்லை. எண்ணப் பார்த்தேன். பரிமாறுகிறவர் சோற்றுக்குக் கை காட்டச் சொன்னார், எண்ணிக்கை போயிற்று.

"கேக்குதா?" என்றாள் மனைவி.

"சுருதிதான் சேக்கறாரு."

"இல்ல, வாசிக்கறாரு."

நான் கையை இலையில் வைத்துக்கொண்டு கேட்டேன். என்னால் சொல்ல முடியவில்லை.